தொனாத்தோ கழுவிய பைகள்

தொனாத்தோ தாய்பே எங்கள் கட்டடத்தில் இருபத்திரண்டு வருடம் வாட்ச்மேனாக இருந்தார். அத்தனை வருடத்தில் அவரை ‘நீங்க’ என்று கூப்பிட்டவர்கள் மொத்தம் மூன்று பேர். ஒருவர் செத்துப்போனார். ஒருவர் வீட்டை விற்றுவிட்டு அரெக்கிப்பாவுக்குப் போய்விட்டார். மூன்றாவது ஆள் நான். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. ஒரு மனிதனை மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டே எவ்வளவு தூரம் தள்ளிவிட முடியும் என்று நானே செய்து பார்த்திருக்கிறேன். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

தலைநகர் லீமாவில் லின்சே பகுதியில் ஆறு மாடி, பன்னிரண்டு வீடு. கட்டடத்தின் பெயர் காமேலியா. நான் மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறேன். ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அதனால் தொனாத்தோவுக்கு நான் ‘மிஸ்’.

அவர் பிறந்தது மலை ஊரான உவாங்காவெலிக்காவுக்கும் மேலே, ஆடு மட்டுமே பிழைக்கக்கூடிய ஒரு மேட்டில். முப்பத்தாறு வயது வரைக்கும் அடுத்தவர் ஆட்டை மேய்த்தார். மனைவி பிரசவத்தில் போனாள், குழந்தையும் போனது. அவர் அழுது முடிப்பதற்குள் தம்பிகள் நிலத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஊரில் மிச்சம் ஒரு தங்கை மட்டும். லீமாவுக்கு வந்து மார்க்கெட்டில் உருளைக்கிழங்கு மூட்டை தூக்கினார், பிறகு இங்கே வந்து சேர்ந்தார். கீழ்த்தளத்தில், கார் நிறுத்துகிற இடத்துக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில் அவருக்கு ஒரு அறை. ஒரு கட்டில், ஒரு பல்பு. ஜன்னல் கிடையாது. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். ஆனால் இந்த உலகத்தில் அவருக்கு இருந்த ஒரே இடம் அதுதான். அதை விட்டால் தெரு. இது அவருக்கும் தெரியும், எங்கள் பன்னிரண்டு வீட்டுக்கும் தெரியும்.

வைரஸ் பரவுகிறது என்று மார்ச் மாதம் ஊரடங்கு போட்டார்கள். உடனே எங்கள் அசோசியேஷன் தலைவி ஒஃபேலியா அர்புலூ வாட்ஸாப்பில் ஒரு குழு ஆரம்பித்தாள். பெயர் ‘காமேலியா குடும்பம்’. ஒஃபேலியா ஆறாம் மாடி, பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவள். யாராவது தனக்குக் கீழே இல்லாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. முதல் நாளே சட்டம் வந்துவிட்டது. மார்க்கெட்டுக்கு தொனாத்தோ போவார். பைக்கில் வருகிற சாமானை தொனாத்தோ வாங்குவார். ப்ளீச்சிங் தண்ணீரில் கழுவாத எந்தப் பையும் படியேறாது. பைகளோடு தொனாத்தோவும் லிஃப்டில் ஏறக்கூடாது, படியில்தான் வரவேண்டும்.

“ஒவ்வொரு தக்காளியையும் தனித்தனியா கழுவணும் தொனாத்தோ. சும்மா முக்கி எடுத்துட்டு வந்துடாதே, எனக்குத் தெரிஞ்சுடும்.”

“சரிங்க சென்யோரா.”

“ரொட்டியையும்.”

“ரொட்டிய எப்படிங்க கழுவறது? கரைஞ்சுடுமே.”

“கவரைக் கழுவுடா! ரொட்டியையா கழுவச் சொன்னேன்? மலையிலேர்ந்து இறங்கி இருபது வருஷம் ஆச்சு, மூளை மட்டும் இன்னும் அங்கேயே மேயுது.”

தொனாத்தோ சிரித்தார். அவர் எதற்கும் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நாங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பழகிவிட்டோம்.

நான்காம் மாடியில் லிசாண்ட்ரோ என்று ஒரு இன்ஜினியர். தினமும் காலையில் குழுவில் ஒரு வீடியோ அனுப்பிவிட்டுத்தான் பல் தேய்ப்பார். க்ளோரின் வயிற்றுக்கு ஆகாது, காய்கறிக்கு வினிகர்தான் சரி என்று ஆரம்பித்தார். ஒஃபேலியா விடுவாளா? மூன்று நாள் குழுவில் சண்டை நடந்தது. கடைசியில் சமாதானமாகி, இரண்டாலும் கழுவ வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். முதலில் ப்ளீச்சிங், பிறகு வினிகர். யார் கழுவப்போகிறார்கள் என்பதில் மட்டும் ஒருவருக்கும் சண்டை இல்லை.

தெருமுனையில் இருக்கிற சுகாதார நிலையச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பையை வாங்கியதும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள், காய்கறியை ஓடுகிற தண்ணீரில் அலசுங்கள், முகக்கவசம் போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். நாலே வரி. எங்கள் கட்டடத்தில் எல்லோரும் படித்தவர்கள், அதனால் எங்களுக்கு அது போதவில்லை.

முதல் இரண்டு வாரம் தொனாத்தோ கழுவியது கார் நிறுத்துகிற இடத்தின் வாசலில். அங்கே காற்று வரும். ஆனால் அந்த வாடை காற்றுச் சந்து வழியாக ஏறி நேராக என் ஜன்னலுக்கு வந்தது. நான் போனில் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருப்பேன், தொண்டை கரகரக்கும். குழுவில் ரொம்பப் பணிவாக ஒரு செய்தி போட்டேன். ‘யாருக்கும் தொந்தரவு இல்லையென்றால், கழுவும் இடத்தை மாற்ற முடியுமா?’ அடுத்த நாளே மாற்றிவிட்டார்கள். எங்கே? மோட்டார் ரூமுக்குள். நாலடிக்கு ஆறடி. தண்ணீர் மோட்டார், குழாய்கள், ஒரு இரும்புக் கதவு. வாடை வெளியே வராமல் இருக்கக் கதவைச் சாத்திக்கொண்டு கழுவச் சொல்லி ஒஃபேலியா உத்தரவு போட்டாள். ‘நன்றி’ என்று நான் பதில் எழுதினேன். அந்த ‘நன்றி’ இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்க மனம் வரவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

ஒருநாள் படியில் அவரைப் பார்த்தேன். இரண்டு கையிலும் பைகள். கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது.

“என்ன தொனாத்தோ, கண்ணு இப்படி ஆயிடுச்சு?”

“அது நல்லதுக்குத்தான் மிஸ். மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்.” பைகளைக் கீழே வைக்காமலேயே பேசினார். வைத்தால் மறுபடி கழுவ வேண்டும். “ஊர்ல வருஷத்துக்கு ஒருக்கா ஆட்டைக் குளிப்பாட்டுவோம். குழி வெட்டி, அதுல மருந்தை ஊத்தி, ஒவ்வொண்ணா தள்ளிவிடுவோம். குழிக்கிட்ட போனா கண்ணு எரியணும். எரியலைன்னா உண்ணி சாகாது, இன்னும் ஊத்துன்னு பெரிய மேஸ்திரி கத்துவாரு.”

“ஆடு செத்துடாதா?”

“ஆடு எங்க மிஸ் சாகும்? இந்தப் பக்கம் விழுந்து அந்தப் பக்கம் ஏறி ஓடிடும். ஒரு நிமிஷம்கூட உள்ள நிக்காது.”

அவர் எவ்வளவு நேரம் உள்ளே நிற்கிறார் என்று நான் கேட்கவில்லை. நான் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பார். நாளைக்கு ஐந்து மணி நேரம்.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை. பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே நேரத்தில் சாமான் வந்து இறங்கியது. மீன், சோளக்கதிர், அவகாடோ, முட்டை, ஐந்தாம் மாடிக்கு ஐஸ்க்ரீம். மொத்தம் நாற்பத்தோரு பை. குழுவில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ‘என் பை எங்கே’ என்று வந்துகொண்டிருந்தது. ஐஸ்க்ரீம் உருகுகிறது. மீன் நாறுகிறது. முதலில் ஒரு தொட்டி, அலசி, பிறகு இன்னொரு தொட்டி என்று போனால் சாயங்காலம் ஆகிவிடும். தொனாத்தோ ஒரு காரியம் செய்தார். பெரிய தொட்டியில் ப்ளீச்சிங்கை ஊற்றினார், அதிலேயே வினிகரையும் ஊற்றினார். ஊரில் குழிக்கு நாலு டப்பா மருந்தை ஒன்றாகத்தான் ஊற்றுவார்கள். ப்ளீச்சிங் பாட்டிலின் பின்பக்கத்தில் வேறு எதனோடும் கலக்காதே என்று எறும்பு எழுத்தில் போட்டிருந்தது. அவருக்குப் பெரிய எழுத்து மட்டும்தான் படிக்க வரும். எனக்குச் சின்ன எழுத்தும் வரும். நான் மூன்று மாடி மேலே இருந்தேன்.

அவர் பிறகு என்னிடம் சொன்னது இது. “பச்சையா புகை மாதிரி கெளம்புச்சு மிஸ். கண்ணு அப்படி எரிஞ்சுது. சரி, இன்னிக்குத்தான் சரியான பதம் வந்திருக்குன்னு நெனச்சேன்.” மூச்சு அடைத்து வெளியே ஓடிவந்து, கார் டயரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு நிமிடம் ஆனதும் மறுபடி உள்ளே போயிருக்கிறார். இப்படி எட்டு முறையோ பத்து முறையோ. நாற்பத்தோரு பையும் மதியத்துக்குள் படியேறிவிட்டன. குழுவில் எல்லோரும் கைதட்டுகிற பொம்மை போட்டார்கள். ‘நாம் எவ்வளவு ஒழுங்காக நடத்துகிறோம் பாருங்கள்’ என்று ஒஃபேலியா எழுதினாள்.

அன்று சாயங்காலமே இருமல் ஆரம்பித்தது. கீழ்த்தளத்தில் இருமினால் படிக்கட்டு முழுக்கக் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பன்னிரண்டு கதவுக்குப் பின்னாலும் பன்னிரண்டு குடும்பம் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

“வாட்ச்மேனுக்கு வந்துடுச்சு,” என்று இன்ஜினியர் குரல் செய்தி அனுப்பினார். “அவன் தொட்ட மீனைத்தான் நேத்து எல்லாரும் தின்னிருக்கோம்.”

அதுவரைக்கும் எங்களைக் காப்பாற்றிய கை, ஒரே ராத்திரியில் எங்களைக் கொல்ல வந்த கை ஆகிவிட்டது. திங்கட்கிழமை தொனாத்தோ நடந்தே சுகாதார நிலையத்துக்குப் போனார். மூக்கில் குச்சி விட்டுச் சோதனைக்கு எடுத்தார்கள், நெஞ்சைப் படம் எடுத்தார்கள். முடிவு ஐந்தாறு நாளில் தெரியும், போனில் சொல்வோம் என்றார்கள். அவர் போனில் பாதி நேரம் உயிர் இருக்காது. அதனால் என் நம்பரையும் எழுதிக் கொடுத்திருந்தார். திரும்பி வந்து இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார். மேலே வரவில்லை.

“மிஸ், அஞ்சு நாள். அஞ்சே அஞ்சு நாள். ரூமை விட்டு வெளிய வரமாட்டேன். வேணும்னா வெளிப்பக்கமா பூட்டிக்கச் சொல்லுங்க. கதவுக்கு அடியில ஏதாவது தள்ளினா தின்னுக்குறேன். முடிவு வந்தப்புறம் எது வேணா பண்ணட்டும். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க.”

“சொல்றேன் தொனாத்தோ. நீங்க போய்ப் படுங்க.”

எழுதினேன். ‘முடிவு வரும் வரை அவர் அறையிலேயே இருக்கட்டும்’ என்று டைப் செய்தேன். அனுப்புவதற்குள் ஒஃபேலியாவின் செய்தி வந்து விழுந்தது. ‘அவனை இங்கே வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறவர்கள், அவனுக்குத் தங்கள் வீட்டில் இடம் கொடுக்கலாம். மற்றவர்கள் கட்டைவிரல் போடுங்கள்.’ கட்டைவிரல்கள் வரிசையாக வந்தன. நான் எழுதியதை அழித்தேன். எனக்கு ஆஸ்துமா உண்டு, அதைச் சாக்காகச் சொல்லலாம். சொல்ல மாட்டேன். எனக்குப் பயம். வெறும் பயம். நான் கட்டைவிரலும் போடவில்லை, அதனால் நல்லவள் என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அவரை வெளியேற்றினார்கள். ஒஃபேலியா மழைக்கோட்டு, இரண்டு முகக்கவசம், கண்ணாடித் தடுப்பு, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு, கையில் ப்ளீச்சிங் தெளிக்கும் பாட்டிலோடு வந்தாள். நான் படித்திருப்பத்தில் நின்று பார்த்தேன்.

“கிட்ட வராதே!”

“நான் எங்கங்க வர்றேன் சென்யோரா? நீங்கதான் வந்துக்கிட்டே இருக்கீங்க.”

“வாயை மூடு. பேசினாதான் பரவும்.”

அவருடைய போர்வை மேல் தெளித்தாள். துணிப்பை மேல் தெளித்தாள். செருப்பு மேல் தெளித்தாள். ஒவ்வொரு தெளிப்புக்கும் அவர் இருமினார், ஒவ்வொரு இருமலுக்கும் அவள் இன்னும் தெளித்தாள். அறைச் சாவியை ப்ளீச்சிங் நிரப்பிய ஜாடிக்குள் போடச் சொன்னாள். அவர் போட்டார். ஜாடியின் அடியில் சாவி படிந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

“பஸ் ஓடலைங்க சென்யோரா. நான் எங்க போவேன்?”

“உன் ஊருக்குத்தான். எல்லாரும் நடந்தே போறாங்களாமே, டிவியில காட்டினான். எங்களாலதான் முடியாது. நீ மலைக்காரன், உனக்கு என்ன?”

“ஆமாமா, இவங்களுக்கெல்லாம் நுரையீரல் நம்மளது மாதிரி ரெண்டு மடங்கு,” என்றார் மாடியிலிருந்து இன்ஜினியர். விஞ்ஞானமாகச் சொன்னதாக நினைப்பு.

ஒரு பையில் அரிசி, இரண்டு மீன் டப்பா, பிஸ்கட் வைத்து, காலால் அவர் பக்கம் தள்ளிவிட்டாள். தொனாத்தோ எடுத்துக்கொண்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எதையாவது சொல்வேன் என்று நினைத்தாரோ என்னவோ. “உடம்பைப் பாத்துக்குங்க தொனாத்தோ,” என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

அந்த நாட்களில் மலைப்பாதையில் ஆயிரக்கணக்கில் ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். இரண்டாம் நாள், மலையேற்றம் ஆரம்பிக்கிற சொசிக்காவிலிருந்து தொனாத்தோ போன் செய்தார். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினார்.

“முடிவு வந்துச்சா மிஸ்?”

“இன்னும் வரலை.”

“வந்ததும் சொல்லுங்க. இங்கிருந்தே திரும்பிடுவேன். மேல ஏற ஏற நெஞ்சு அடைக்குது. எனக்குப் போய் இப்படி வரலாமா? ஆட்டுக்குப் பின்னாடி இதைவிட உசரத்துல ஓடினவன் நான்.”

“மெதுவா நடங்க. உக்காந்து உக்காந்து போங்க.”

திரும்பி வாருங்கள் என்று சொல்லவில்லை. வந்தால் எங்கே வைப்பது? என் வீட்டில் இரண்டு படுக்கையறை இருக்கிறது. ஒன்றில் துணி காயப்போடுகிறேன்.

இங்கே கட்டடம் நாறிப்போனது. பையைத் தொட ஆள் இல்லை. கேட்டுக்கு வெளியே பைகள் குவிந்து கிடந்தன, பூனைகள் கோழியைக் கிழித்துத் தின்றன. யார் இறங்குவது என்று குழுவில் பட்டியல் போட்டார்கள். பட்டியலில் இருந்த எல்லோருக்கும் அன்றைக்கென்று முட்டி வலி வந்தது.

சனிக்கிழமை மதியம் சுகாதார நிலையத்திலிருந்து ஒரு நர்ஸ் கூப்பிட்டாள்.

“தொனாத்தோ தாய்பேக்கு வேண்டியவங்களா? அவருக்கு வைரஸ் இல்லைம்மா. ஆனா நெஞ்சுப் படம் நல்லாயில்லை. ஏதோ புகையைச் சுவாசிச்சு உள்ளே வெந்திருக்குன்னு டாக்டர் சொல்றாரு. ப்ளீச்சிங்கோட எதையாவது கலந்தாரா? உடனே கூட்டிட்டு வாங்க. படுத்தே இருக்கணும். முக்கியமா, மேட்டுப் பக்கம் எங்கேயும் அனுப்பிடாதீங்க. அங்கே காத்து கம்மி, தாங்க மாட்டாரு.”

அதை அப்படியே குழுவில் எழுதினேன். ஒரு வரி விடவில்லை. பதில் நிமிடத்தில் வந்தது. ‘ஆண்டவருக்கு நன்றி! அப்படியானால் நம் யாருக்கும் ஒன்றும் இல்லை!’ கும்பிடுகிற கைகள், பூ, பலூன். ஒருவர் பாட்டுகூட அனுப்பினார். அதற்கு அடுத்து ஒஃபேலியாவின் குரல். “மிஸ், அவனுக்குப் போன் போட்டு, திங்கட்கிழமையே வரச் சொல்லுங்க. பைங்க எல்லாம் அழுகுது.”

போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். மலைமேல், சான் மத்தேயோவில் பாதையோரம் சூப் கடை வைத்திருக்கிறவள்.

“இந்தப் போன்காரரா? நேத்து காலையில இறந்துட்டாரும்மா. ராத்திரி பூரா என் கடைக்கு எதிர்ல சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தாரு. மூச்சு வரலை, மூச்சு வரலைன்னு கையைக் கையை ஆட்டினாரு. லீமாலேர்ந்து வந்தவரு, நோய் இருக்கும்னு ஒருத்தரும் கிட்ட போகலை. நானும் போகலை. உங்ககிட்ட எதுக்குப் பொய் சொல்லணும்? தண்ணிய தூரமா வச்சேன், அவரால எட்டி எடுக்க முடியலை. போலீஸ் வந்து தூக்கிட்டுப் போனாங்க. போன் மண்ணுல கெடந்துச்சு. ப்ளீச்சிங் போட்டுத் தொடச்சுத்தான் எடுத்து வச்சிருக்கேன், பயப்படாதீங்க. அவருக்கு நீங்க யாரு?”

“ஒரே கட்டடம்,” என்றேன்.

குழுவில் எழுதினேன். சிலுவைகள், மெழுகுவர்த்திகள், ‘எவ்வளவு நல்ல மனுஷன்’, ‘நம் குடும்பத்தில் ஒருவர்’. இருபது நிமிடம் துக்கம் நடந்தது. அதற்குப் பிறகு ஒஃபேலியாவே கேட்டாள், காலையில் வந்த இறைச்சி கேட்டில் வெயிலில் கிடக்கிறது, யாராவது தயவு செய்து இறங்க முடியுமா?

நான் இறங்கினேன். பதினேழு பை. மோட்டார் ரூமுக்குக் கொண்டுபோனேன். தொட்டிகள் காய்ந்து கிடந்தன. அலமாரியில் ப்ளீச்சிங், வினிகர் எல்லாம் வரிசையாக இருந்தது. ஒன்றையும் திறக்கவில்லை. சோப்புப் போட்டு என் கையை மட்டும் கழுவிக்கொண்டு, பைகளைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். ஆறாம் மாடியில் மணி அடித்துவிட்டுத் தள்ளி நின்றேன்.

“கழுவியாச்சா மிஸ்?” கதவைத் திறக்காமலேயே கேட்டாள்.

“ஆச்சு.”

“ரெண்டாலயுமா?”

“ரெண்டாலயும்தான்.”

அன்றைக்கும் கழுவவில்லை, அதற்குப் பிறகு வந்த ஐந்து மாதமும் கழுவவில்லை. கழுவினேன் கழுவினேன் என்று மற்ற பதினோரு வீட்டுக்கும் பொய் சொல்லிப் பை கொடுத்தேன். அதைத் தின்ற ஒருவருக்கும் எதுவும் வரவில்லை.